பிடிபட்டது எந்த ஓநாய்?

உத்தரப் பிரதேசத்தில் பஹ்ராயிச் என்று ஒரு மாவட்டம் உண்டு. நேபாள எல்லையை ஒட்டியது. காக்ரா நதி கொண்டு வந்து சேர்த்த வண்டல் பூமி. கரும்பு, நெல், கோதுமை எல்லாம் விளையும். ஆடும் எருமையும் இல்லாத வீடு குறைவு. வெயில் காலத்திலும் புழுக்கமான மழைக் காலத்திலும் ஏழைகள் வீட்டு வாசலிலேயே கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துக் கொள்வது அங்கே வழக்கம். கதவே இல்லாத வீடுகளும் பல.

2024-ஆம் ஆண்டு ஜூலை மாத நடுவிலிருந்து அந்த மாவட்டத்தின் மஹசி தாலுகாவில் இரவு நேரத்தில் ஓநாய்கள் வந்து குழந்தைகளைத் தூக்கிச் செல்லத் தொடங்கின. செப்டம்பர் தொடக்கத்துக்குள் குறைந்தது 8 பேர் மாண்டனர். அவர்களில் அநேகமாக எல்லோருமே குழந்தைகள். இருபது பேருக்கு மேல் காயமடைந்தனர். பகலெல்லாம் வயலில் உழைத்த ஆண்கள், இரவில் தடியும் விளக்குமாக ஊரைச் சுற்றி வந்தார்கள். பெண்கள் குழந்தையை மடியில் வைத்துக் கொண்டு விடியும் வரை விழித்திருந்தார்கள்.

வன இலாகா சும்மா இருக்கவில்லை. 'ஆபரேஷன் பேடியா' என்ற பெயரில் பெரிய ஏற்பாடு நடந்தது. பேடியா என்றால் இந்தியில் ஓநாய். பல மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வரவழைக்கப்பட்டனர். கூண்டுகள் வைத்தனர், வலை விரித்தனர், மயக்க ஊசித் துப்பாக்கிகளுடன் காத்திருந்தனர். உடல் சூட்டை வைத்து இருட்டிலும் மிருகத்தைக் காட்டும் காமிராவை, 'ட்ரோன்' எனப்படும் ஆளில்லாச் சிறு விமானத்தில் பொருத்திப் பறக்கவிட்டனர். யானைச் சாணத்தைப் போட்டு வைத்தால் ஓநாய் ஊருக்குள் வராது என்று அதையும் செய்து பார்த்தனர். வர்ணப் பொம்மைகளைக் குழந்தைகளின் சிறுநீரில் நனைத்து, ஓநாய் நடமாடும் ஆற்றங்கரை ஓரங்களில் வைத்து ஆசை காட்டினர். இதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஆகஸ்டு முடிவதற்குள் 4 ஓநாய்கள் பிடிபட்டன. செப்டம்பர் 10-ஆம் தேதி ஐந்தாவதும் அகப்பட்டது.

ஆறு என்ற கணக்கு

தொல்லை இங்கேதான் ஆரம்பித்தது. இத்தனை தாக்குதலுக்கும் 6 ஓநாய்கள் கொண்ட ஒரே கூட்டம்தான் காரணம் என்று வன இலாகா அறிவித்திருந்தது. அதிலிருந்து கிராமத்து ஜனங்கள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினர். நான்கு போனால் இரண்டு மிச்சம். நான்காவது பிடிபட்ட செய்தி வந்ததும் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் இன்னொரு குழந்தை பலியாயிற்று.

"நீங்கள் பிடித்தது அந்த ஓநாயைத்தானா, அல்லது காட்டில் திரிந்த ஏதோ ஓர் ஓநாயையா?" என்ற கேள்வி எழுவது இயல்பே. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் இதைக் கேட்டால் அதில் குற்றம் காண முடியாது. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர்களோ ஓநாய்களை எண்ணிக் கொண்டிருந்தார்கள். ஆறாவதைத் தேடிக் கொண்டிருக்கும்போதே, அக்டோபர் முதல் வாரத்தில், ஆட்டைத் தூக்க வந்த ஓர் ஓநாயைக் கிராமத்தார் தாங்களே சூழ்ந்து கொண்டு அடித்துக் கொன்று விட்டனர். அதுதான் கடைசி ஓநாய் என்று கருதப்பட்டது.

கதை அதோடு முடியவில்லை. 2025 செப்டம்பரில் அதே பஹ்ராயிச் மாவட்டத்தில் மீண்டும் குழந்தைகள் பலியாயினர். மாநில முதலமைச்சர் நேரில் வந்து பாதிக்கப்பட்டவர்களைச் சந்தித்தார். பிடிக்க முடியாத ஓநாயைச் சுட்டு விடும்படி உத்தரவாயிற்று; சுடவும் செய்தனர். இது பழைய கூட்டத்தின் மிச்சமா, புதிதாக வந்ததா என்று முந்தின ஆண்டே உறுதியான தடயம் எடுத்து வைத்திருந்தால் ஒப்பிட்டுச் சொல்லலாம். "ஆறு" என்று எண்ணிச் சொன்னதை மட்டும் வைத்துக் கொண்டு எதையும் ஒப்பிட முடியாது.

எண்ணுவது ஏன் கடினம்?

வன இலாகாவின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நம் நாட்டு ஓநாய் பெரிய மிருகமல்ல. எடை சுமார் 20 கிலோ. நல்ல நாட்டு நாய் ஒன்றின் அளவுதான். புலியைப் போல அடர்ந்த காட்டில் வாழ்வதில்லை. புல்வெளி, தரிசு, ஆற்றுப் படுகை, வயல்வெளி ஆகியவையே அதன் இருப்பிடம். முயல், மான் கிடைக்காத இடத்தில் ஆட்டுக்குட்டியை நம்பிப் பிழைக்கிறது. ஒரே இரவில் பல மைல் நடந்து விடும். ஆகஸ்டு மாதத்தில் கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும். உள்ளே நுழைந்த ஓநாயை வெளியே நிற்பவன் காண முடியாது. ஆற்றில் வெள்ளம் ஏறினால் வளையில் இருந்தது இடம் பெயரும். மழை பெய்தால் கால்தடம் கரைந்து போகும்.

கால்தடம் அழியாமல் இருந்தாலும் பிரச்சினை தீராது. ஓநாயின் அடியும் பெரிய நாயின் அடியும் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். ஓநாயின் தடம் சற்று நீளமாகவும், நடை ஒரே நேர்கோட்டிலும் இருக்கும் என்பார்கள். அனுபவசாலிகளே இதில் ஏமாந்ததுண்டு. பஹ்ராயிச்சின் வட பகுதியில் கதர்னியாகாட் சரணாலயம் இருப்பதால் சிறுத்தையும் உண்டு. நரியும் தெரு நாயும் எங்கும் உண்டு. பயம் பிடித்த ஊரில் இருட்டில் ஓடுவதெல்லாம் ஓநாயாகத்தான் தெரியும்.

வெறி பிடித்த மிருகத்தின் போக்கும் வேறு. அது பட்டப்பகலிலும் வரும். எதிர்ப்பட்டவர்களையெல்லாம் பெரியவர் சிறியவர் என்று பாராமல் கடித்துக் கொண்டே ஊர் ஊராக ஓடும். எதையும் இழுத்துச் சென்று தின்னாது. சில நாட்களில் தானே செத்து விடும். இரவில் ஓசையின்றி வந்து, சிறு குழந்தையை மட்டும் குறி வைத்துத் தூக்கிச் செல்வது இரை தேடும் ஓநாயின் வேலை. முதல் நாளிலேயே இந்த வேறுபாட்டைக் கண்டு சொல்லிவிட்டால், ஜனங்கள் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதாவது தெளியும்.

ஆக, எத்தனை ஓநாய் என்று முதல் வாரத்திலேயே திட்டவட்டமாகச் சொல்வது எவராலும் ஆகக் கூடியதல்ல. "இதுவரை நாங்கள் கண்டது இத்தனை, இன்னும் இருக்கலாம்" என்று சொல்லியிருந்தால் பயம் குறைந்திருக்காது என்பது உண்மையே. ஆனால் நான்காவது ஓநாய் பிடிபட்ட அன்று காவலைத் தளர்த்தவும் யாருக்கும் தோன்றியிருக்காது.

1996-இல் நடந்தது

உத்தரப் பிரதேசத்துக்கு இது புதிதல்ல. 1996-ஆம் ஆண்டு, மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் பிரதாப்கர், சுல்தான்பூர், ஜான்பூர் மாவட்டங்களில் சில மாதங்களுக்குள் எழுபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் ஓநாய்க்கு இரையாகவோ காயப்படவோ நேர்ந்தது. அப்போது அதிகாரிகள் சொன்னதை ஜனங்கள் நம்பவில்லை. பாதி மனிதன், பாதி ஓநாயான 'மானாய்' என்ற ஏதோ ஒன்று அலைகிறது என்று வதந்தி பரவியது. அந்நிய நாட்டு ஒற்றர்கள் ஓநாய் வேடத்தில் வருகிறார்கள் என்று கூடப் பேசிக் கொண்டார்கள். விளைவு என்ன? ஊருக்குப் புதியவர்கள், வழிப்போக்கர்கள் என்று பலரைக் கும்பல்கள் அடித்தே கொன்றன. ஓநாய் கொன்றது போதாதென்று வதந்தியும் கொன்றது. நம்பத் தகுந்த தகவல் இல்லாத இடத்தில் வதந்தி குடியேற அதிக நாள் ஆவதில்லை.

அரசாங்கம் வேட்டைக்காரர்களை அனுப்பியது. ஓநாய்கள் சுடப்பட்டன. ஆனால் சுடப்பட்டவற்றில் மிகச் சிலவற்றின் வயிற்றில் மட்டுமே மனித உடலின் தடயம் கிடைத்தது. மற்றவை அகப்பட்ட பாவத்துக்குச் செத்தவை.

அந்தச் சம்பவங்களை நேரில் ஆராய்ந்தவர்கள் ஒய்.வி. ஜாலா, தினேஷ் குமார் சர்மா என்ற இரு விஞ்ஞானிகள். அவர்களுடைய முடிவு, இவ்வளவு சாவுக்கும் பெரும்பாலும் ஒரே ஓர் ஓநாயோ, ஒரே ஒரு கூட்டமோதான் காரணமாக இருக்கும் என்பது. அவர்கள் கண்ட இன்னொரு விஷயம் சிறு விவசாயிகள் கவனிக்கத்தக்கது. அந்தக் கிராமங்களில் ஆடு மாடுகளுக்கு நல்ல காவல் இருந்தது. ஆடு விலை மதிப்புள்ள சொத்து. அதைப் பட்டியில் அடைத்து ஒரு பெரியவர் பக்கத்தில் படுப்பார். காவலின்றி இருந்தவை குழந்தைகளே. தாய் தகப்பன் இருவரும் கூலிக்குப் போன வீட்டில், அந்தி நேரத்தில் சிறுவர்கள் தனியே இருந்தனர். இதைச் சொல்வது பெற்றோரைக் குறை கூற அல்ல. வாசலுக்குக் கதவு போடக் காசில்லாத வீட்டில் வேறு என்ன செய்வார்கள்?

பனி பெய்யும் நாட்டிலும் இதே வழக்கு

இந்த அவநம்பிக்கை ஏழை நாட்டுக்கு மட்டும் உரியதென்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் விஸ்கான்சின் என்ற மாநிலம் பால் பண்ணைகளுக்குப் பேர் போனது. அங்கே ஒரு காலத்தில் சன்மானம் கொடுத்து ஓநாய்களை ஒழித்தார்கள். 1970-களில் பக்கத்து மாநிலத்திலிருந்து தாமாகவே அவை திரும்பி வந்தன. அப்போதிலிருந்து ஆண்டுதோறும் குளிர் காலத்தில் பனியில் பதிந்த தடத்தைப் பின்தொடர்ந்தும், சில ஓநாய்களின் கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டியும் எண்ணி வந்தார்கள். பொது ஜனங்களில் விருப்பமுள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தடம் பார்க்கச் சேர்த்துக் கொண்டார்கள். 2020-இல் கண்ட குறைந்தபட்சக் கணக்கு 1,034. அவ்வளவு செய்தும் தகராறு ஓயவில்லை. உண்மையில் இதைவிட அதிகம் இருக்கிறது என்று மாட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். கணக்கை நம்பி வேட்டைக்கு விடக் கூடாது என்று ஓநாய்க்குப் பரிந்து பேசுவோர் சொல்கிறார்கள். 2021 பிப்ரவரியில் நீதிமன்ற உத்தரவின் பேரில் அவசரமாக நடந்த வேட்டையில், மாநில வேட்டைக்காரர்களுக்கு 119 ஓநாய்கள் என்று வரம்பு கட்டியிருந்தார்கள். மூன்றே நாட்களில் 218 ஓநாய்கள் கொல்லப்பட்டு விட்டன. வரம்பு மீறியதைக் கண்டுபிடித்துக் கதவைச் சாத்துவதற்குள் ஏறக்குறைய இரட்டிப்பாகி விட்டது. அடுத்த ஆண்டே நீதிமன்றம் ஓநாய்க்குப் பாதுகாப்பைத் திரும்பக் கொடுத்தது.

ஆனால் அங்கே ஒரு காரியத்தில் தகராறு குறைவு. கன்றுக்குட்டி செத்துக் கிடந்தால் அதை ஓநாய்தான் கொன்றதா என்று பார்க்கும் முறை எல்லோருக்கும் தெரிந்த முறை. அரசாங்க ஆள் வந்து, மாட்டுக்காரர் கண் எதிரிலேயே தோலை உரித்துப் பார்க்கிறார். உயிரோடு இருந்தபோது கடிபட்டிருந்தால், கடித்த இடத்தில் தோலுக்கு அடியில் இரத்தம் கட்டிக் கன்றிப் போயிருக்கும். ஏற்கனவே செத்துக் கிடந்ததை ஓநாயோ நாயோ வந்து தின்றிருந்தால் அந்தக் கன்றல் இருக்காது. இதைப் படிக்காதவரும் கண்ணால் கண்டு கொள்ளலாம். பிறகு ஓநாய்தான், ஓநாயாக இருக்கலாம், ஓநாய் அல்ல, சொல்ல முடியாது என்று ஏதாவது ஒன்றை எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தப் பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடவும் படுகிறது. "சொல்ல முடியாது" என்று எழுதவும் அதில் ஓர் இடம் வைத்திருப்பதுதான் விசேஷம்.

தடயத்தைக் காப்பது

பிடிபட்ட மிருகம்தான் குற்றவாளியா என்பதை இன்று ஓரளவு நிச்சயமாகவே சொல்லலாம். கடித்த இடத்தில் ஒட்டியிருக்கும் உமிழ்நீரில் அந்த மிருகத்தின் மரபணு இருக்கும். அதைக் கூண்டில் அகப்பட்டதன் மரபணுவோடு பரிசோதனைச் சாலையில் ஒத்துப் பார்த்தால், கடித்தது ஓநாயா நாயா என்பதும், ஓநாயானால் இதே ஓநாய்தானா என்பதும் தெரிந்து விடும். ஆனால் உமிழ்நீர் கிடைக்க வேண்டும். ஊர்க்காரர் ஒத்துழைப்பு இல்லாமல் அது கிடைக்காது.

ஆள் கடிபட்டால் முதலில் உயிர், தடயம் அப்புறந்தான். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் நன்றாகக் கழுவ வேண்டும். ஓநாய்க்கும் வெறிநோய் வரும். ஆகையால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய், வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு, ஆழமான காயத்துக்கு உரிய எதிர்ப்பு மருந்தும் போடச் சொல்லிக் கேட்க வேண்டும். மஞ்சளையும் சுண்ணாம்பையும் காயத்தில் அப்பக் கூடாது. கடிபட்டவர் உடுத்தியிருந்த துணியை மட்டும் துவைக்காமல், நிழலில் உலர்த்தி, காகிதப் பையில் போட்டு வைத்தால் போதும். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு கட்டினால் பூசணம் பிடித்துத் தடயம் கெட்டு விடும்.

ஆடு மாடு செத்தால், வன இலாகா ஆள் வரும் வரை அதை இழுத்துப் போடாமல், பழைய தார்ப்பாயால் மூடிக் கல் வைத்து விடுவது நலம். நாயும் காக்கையும் தொட்ட பிறகு யார் கொன்றது என்று யாராலும் சொல்ல முடியாது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடி மிதிப்பதற்கு முன், தெளிவான கால்தடம் ஒன்றிரண்டின் மேல் கூடையையோ சட்டியையோ கவிழ்த்து வைக்கலாம். கைபேசி வைத்திருக்கும் பிள்ளைகள், தடத்தின் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் படம் எடுத்தால் அளவு தெரியும். நஷ்ட ஈடு கேட்டு எழுதும்போதும் இந்தப் படங்கள் உதவும்.

செத்த ஆட்டின் மேல் விஷத்தைத் தெளித்து வைப்பது சிலருடைய வழக்கம். அது குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதைத் தின்று முதலில் சாவது பெரும்பாலும் ஊர் நாய்களும் கழுகுகளுமே. ஓநாய் செத்தாலும், கடித்தது அதுதானா என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

கேட்க உரிமை உண்டு

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஓநாய் முதல் அட்டவணையில் உள்ள மிருகம். அதைக் கொல்ல மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் ஒருவரே அனுமதிக்க முடியும். அதுவும் மனித உயிருக்கு ஆபத்தாகி விட்டது என்றும், பிடிக்கவோ மயக்கவோ வேறிடம் மாற்றவோ இயலாது என்றும் அவருக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். வாய் மொழியாக அல்ல. காரணத்தைக் காட்டி எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். எழுத்தில் இருப்பதால் அதை ஜனங்கள் கேட்டுப் பார்க்கலாம்.

கூண்டு வைக்க வந்த அதிகாரியிடம் கிராமப் பஞ்சாயத்து கேட்க வேண்டியது சிலவே. எத்தனை மிருகத்தைக் கண்டீர்கள், எந்தத் தேதியில், எந்த இடத்தில்? கடிபட்டவர் துணியிலிருந்தும் காயத்திலிருந்தும் மாதிரி எடுத்தீர்களா? எந்தப் பரிசோதனைச் சாலைக்குப் போயிற்று, முடிவு எப்போது வரும்? பிடிபட்டதை எங்கே கொண்டு போகிறீர்கள்? கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. ஓர் ஊரில் பிடித்ததைச் சத்தமில்லாமல் இன்னோர் ஊருக்குப் பக்கத்தில் விட்டு விடுகிறார்கள் என்ற பேச்சு எங்கும் இருக்கிறது. பஹ்ராயிச்சில் பிடித்தவற்றை மிருகக் காட்சிச் சாலைக்கு அனுப்பினார்கள். இன்ன இடத்தில் இருக்கிறது, வேண்டுமானால் போய்ப் பாருங்கள் என்று சொல்லி விட்டால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

நேரில் பதில் வராவிட்டால் தபாலில் கேட்கலாம். 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், வன இலாகாவின் பொதுத் தகவல் அலுவலருக்கு வெள்ளைத் தாளில் விண்ணப்பம் எழுதி, உரிய கட்டணத்தோடு அனுப்பினால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஒருவருடைய உயிர் சம்பந்தப்பட்ட தகவலானால் 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. விண்ணப்பத்தின் மேலேயே "உயிர் சம்பந்தப்பட்டது" என்று எழுதி, ஏன் என்பதை இரண்டு வரியில் குறித்து, விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தி வைத்துக் கொள்ள வேண்டும்.